இடப்பக்கத்து மிளகாய்

மரணபயம் என்பது விசுவாசம் இல்லாதவர்களுக்கு வரும் நோய். ஆண்டவரை அறிந்தவன் தலைமேல் இடி விழுந்தாலும் கண் சிமிட்டமாட்டான். உயிர் போகிற நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு சாந்தம் குடியிருக்கும். இந்தப் பேருண்மையை, 1994 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சிங்காநல்லூர்ப் பக்கத்துச் சின்ன சர்ச் ஒன்றின் மேடையில் நின்று தங்கராஜ் முழங்கினார். ஒன்பதே முக்காலுக்கு அவர் மேடைக்குப் பின்னால் இருந்த பாட்டுப்புத்தக அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி, "ஐயோ, எங்கண்ணு போச்சே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

தங்கராஜ் நூற்பாலை ஒன்றில் டைம் கீப்பர். சபையில் உபவாச ஜெபக்குழுத் தலைவர். சனிக்கிழமை காலை பத்திலிருந்து மூன்றுவரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நடக்கும் ஜெபம் அது. மற்றவர்கள் காலையில் ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டு வருவார்கள். தலைவர் வெள்ளிக்கிழமை இரவுச் சோற்றையே விட்டுவிடுவார். விட்டுவிட்டதை யாரிடமும் சொல்லமாட்டார்; யாராவது கேட்கிறவரை நெஞ்சைத் தடவிக்கொண்டே நிற்பார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தின் நடுவே ஒரு புள்ளி மினுங்கியது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் நிற்குமே, அந்த மாதிரி. அவர் கண்ணைக் கசக்கினார். புள்ளி பெரிதாகி வளைந்து ரம்பம்போலப் பல் முளைத்து நடுங்கத் தொடங்கியது. மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள்மேல் உச்சிவெயில் பட்டதுபோல ஒரே கூச்சம். அதற்குப் பின்னால் எழுத்து இல்லை. வரியின் இடப்பாதி முழுக்கக் காணோம். கண்ணை மூடிப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள்ளும் ரம்பம் ஓடியது. காணாமல்போன சொற்களின் இடத்தில் அவராகவே சில சொற்களைப் போட்டு வாசித்து முடித்தார். கம்பீரமாகத்தான் இருந்தது. சபைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் அலமாரிப் பக்கம் தடுமாறிப் போனதைப் பார்த்து, "பிரதர் ஆவிக்குள்ள போயிட்டாருங்க" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். கடைசி பெஞ்சுவரை அது நல்ல சேதியாகப் போய்ச் சேர்ந்தது.

இருபது நிமிஷத்தில் ரம்பம் மங்கியது. அவர் ஸ்தோத்திரம் சொல்லி வாய் மூடுவதற்குள், இடக்கண்ணுக்குப் பின்னால் வலி ஆரம்பித்தது.

அவர்கள் குடியிருந்தது லைன் வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் ஆணி கழன்ற ஓட்டை வழியாகத் தரையில் ஒரு எட்டணாக் காசளவுக்கு வெயில் விழும். மற்ற நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு அந்தக் காசைப் பார்த்ததும் அவருக்கு வயிறு குமட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி அற்புதம், பக்கத்துத் தெரு டிஸ்பென்சரியில் ஆயாவாக வேலை பார்ப்பவள், ஓட்டைக்கு நேர்கீழே முறத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள்.

"ஏனுங்க, ரொம்ப வலிக்குதுங்களா?"

"எரியுது புள்ள."

"வலிக்குதா எரியுதா, ஒண்ணச் சொல்லுங்க."

தங்கராஜ் ஈரத்துண்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். எரியுது என்று தன் வாயில் வந்ததைத் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

மூன்றாவது வீட்டில் யாரோ கருவாடு சுட்டார்கள். அந்த வாசனை சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து அவர் மூக்குக்குள் உட்கார்ந்தது. வீட்டுப் பின்புறப் பொடக்காலிக்கு ஓடி, குனிந்து, குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார். ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் மண்டைக்குள் யாரோ கடப்பாறையால் நெம்பினார்கள். அற்புதம் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பித்தம்தானுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டக்கூட பயந்து நின்றார். பித்தம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அது ஒரு பித்தளைக் குடம்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. தண்ணீர் விடுவதற்கு முந்தின சாயங்காலமே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் வைத்தால் ஆள் நின்ற மாதிரி. போன தடவை வரிசையில் லைன் வீட்டுக் காளியாத்தாளின் பித்தளைக் குடம் ஐந்தாவதாக இருந்தது. தங்கராஜின் நீலப் பிளாஸ்டிக் குடம் பதினொன்றாவது. பதினொன்றுக்கு வரும்போது குழாயில் காற்றுதான் வரும். பொழுது மங்கும் நேரம், தெருவில் யாரும் இல்லை. தங்கராஜ் நீலக் குடத்தை ஐந்தாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். பித்தளைக் குடத்தைத் தூக்கிப் பதினொன்றாவது இடத்துக்கு நடந்தார். பாதி தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. சபை ஆயர்.

"ஸ்தோத்திரம் பிரதர். யார் வீட்டுக்குத் தண்ணி சுமக்கறீங்க?"

தங்கராஜ் குடத்தைச் சாக்கடைப் பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். "சும்மா, ஒரு ஏழைச் சகோதரிக்கு உதவிதானுங்க" என்றார். ஆயர் நெகிழ்ந்துபோனார். காம்பவுண்ட் சுவர் விஷயமாகப் பேச வேண்டும் என்று கையோடு அழைத்துப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பாலத்துப் பக்கம் குடம் இல்லை. நீலக் குடத்தை அவர் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார்.

காலையில் காளியாத்தாள் குழாயடியில் நின்று போட்ட சத்தம் மில் கேட்வரை கேட்டது. அவள் அதே மில்லில் கழிவுப் பஞ்சு பிரிப்பவள். தலைமயிரில் எந்நேரமும் பஞ்சுத் தும்பு ஒட்டியிருக்கும்.

"தாலி கட்டுன வருசம் எடுத்த கொடமுங்க அது. எடுத்தவன் மருவாதியாக் கொண்டாந்து வெச்சுரோணும். இல்லீன்னா செவ்வாக்கெழம நான் ஆனமலைக்குப் போறேன். மாசாணியாத்தா கோயல்ல மொளகா அரைச்சு நீதிக்கல்லுல அப்புனா எட்டே நாளு. எடுத்தவன் மண்டை எரியும். கண்ணு எரியும். தானா வந்து கால்ல உழுவான்."

ஆனைமலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பொருளைப் பறிகொடுத்தவர்கள் அம்மன் சன்னதியில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். போலீஸ் ஸ்டேஷனைவிட அதற்குப் பயப்படுகிறவர்கள் அதிகம்.

கூட்டத்தில் நின்ற தங்கராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதெல்லாம் மூடநம்பிக்கை அம்மணி" என்றார். நாலு பேர் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காளியாத்தாள் மிளகாய்ப் பையோடு கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ரம்பம் வந்தது.

அதை நினைத்துக்கொண்டு அவர் இருட்டில் கிடந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அற்புதக்கா, அண்ணனுக்கு மண்டையிடின்னாங்க. சுக்கு அரைச்சுட்டு வந்தேன். பத்துப் போட்டா சித்த நேரத்துல எறங்கிப்போயிரும்." காளியாத்தாளின் குரல்.

"உள்ள வா அம்மணி."

"வேண்டா!" என்று கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வெக்கப்படறாருங்களாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே காளியாத்தாள் பக்கத்தில் வந்துவிட்டாள். கிண்ணத்தில் ஏதோ அரைத்த விழுது. இருட்டில் நிறம் தெரியவில்லை. அவள் மூன்று விரலால் அள்ளி அவர் இடப்பக்க நெற்றியில் அப்பினாள். முதலில் குளிர்ந்தது. பிறகு எரிந்தது. சுக்கும் எரியத்தான் செய்யும். அது எல்லாருக்கும் தெரியும். தங்கராஜுக்கு மட்டும் அந்த நேரத்தில் தெரியவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன உட்ரு தாயே, உட்ரு" என்றார்.

காளியாத்தாள் பயந்து கையை உருவிக்கொண்டாள். "ஏனுங்க்கா, அண்ணன் என்ன தாயேங்கறாரு? எட்டு மணி சங்கு ஊதி ரெண்டு நிமிசம் ஆனா, கேட்டுல என்ன ஏ காளின்னு கத்தற மனுசனுங்க."

"காச்ச வேகமா இருக்கும்" என்றாள் அற்புதம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மறுநாள் காலையில் வலி போயிருந்தது. தலை, கழுவி வைத்த பாத்திரம்போலக் காலியாக இருந்தது. இந்த அதிசயத்தை வைத்துக்கொண்டே தங்கராஜ் கணக்குப் போட்டார். எதிரி எங்கிருந்து தாக்குகிறான் என்று தெரிந்துவிட்டது. ஆயுதம் கையிலேயே இருக்கிறது. இந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே உபவாசம். ஆனைமலை பெரிதா அவருடைய ஜெபக்குழு பெரிதா என்று பார்த்துவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை முதல் ஷிப்ட் ஆட்களைக் கேட்டில் பதிந்து உள்ளே விடும் வேலை அவருக்கு இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போகவேண்டும். ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. வெயில் ஏழரைக்கே தாரை உருக்கத் தொடங்கியிருந்தது. கேட் ரூமில் ட்யூப்லைட் ஒன்று சாகவும் மாட்டாமல் எரியவும் மாட்டாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் டோக்கனை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். முப்பதாவது ஆளோ என்னவோ, டோக்கனில் நம்பரின் முதல் இலக்கம் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். நீட்டியவனுக்குப் பாதி முகம் இல்லை. ஒரு கண், பாதி மூக்கு, பாதி மீசை. பாதி வாய் திறந்து, "என்னுங்ணா, எழுதுங்க, லேட்டாவுதுங்க" என்றது.

அவர் பேனாவைக் கீழே போட்டார். அடுத்தவனைப் பார்த்தார். அவனுக்கும் பாதிதான். வரிசை முழுக்கப் பாதி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் பஞ்சுத் தும்பு ஒட்டிய பாதித் தலை ஒன்றும் இருந்தது.

நாலு பேர் சேர்ந்து சைக்கிளில் உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிற்பகல் முழுக்க அவர் சுவரில் மண்டையை அழுத்திக்கொண்டு கிடந்தார். சுவர் குளிர்ச்சி ஒரு இடத்தில் தீர்ந்ததும் இன்னோர் இடத்துக்குத் தலையை நகர்த்தினார். "செத்துப்போயிருவனா?" என்று ஒருமுறை கேட்டார். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது. சின்ன வயதில், தோட்டத்துக் கிணற்றடியில் தன் அப்பனைப் பண்ணையக்காரர் அதட்டும்போது ஒளிந்து நின்ற பையனின் குரல். அற்புதம் ஈரத்துணியை மாற்றினாள். அவளுக்கும் பயம்தான். டிஸ்பென்சரியில் மண்டைக்குள் கட்டி வந்த ஒருவரை அவள் பார்த்திருக்கிறாள். அவருக்கும் கண்ணில்தான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அவள் அவரைக் கையோடு டிஸ்பென்சரி டாக்டர் ஆஷ்லியிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தங்கராஜை "அங்கிள்" என்று கூப்பிட்டது. அதிலேயே அவருக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தது. மூக்கைத் தொடச் சொன்னது. முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டியது. ஒரே கோட்டில் நடக்கச் சொன்னது. பிறகு ரம்பத்தைப் பற்றிக் கேட்டது. அவர் சொல்லச் சொல்ல, டாக்டர் ஒரு காகிதத்தில் கோணல்மாணலாக ஒரு வளைவு வரைந்து காட்டியது.

"இப்படித்தானே அங்கிள்?"

தங்கராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கும் வருதுங்களா?"

"எனக்கு இல்ல. எங்க அப்பாவுக்கு. இது ஒத்தத் தலவலி. கட்டி இல்ல. கட்டின்னா இப்படி அரைமணியில வெளிச்சம் அடங்கி, தூங்கி எந்திரிச்சதும் ஆளு நல்லாயிருக்க மாட்டாங்க. உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். அம்மா. மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் தலையில் சீலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாட்டுச்சாளையின் இருட்டில் போய்ப் படுத்துக்கொள்வாள். கரும்பு வெட்டுக்கு வராமல் வேஷம் போடுகிறாள் என்று பண்ணையக்காரர் திட்டுவார். பேய் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சாமி என்றும் சிலர் சொன்னார்கள். வலி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. "எங்கம்மாளுக்கு இருந்துதுங்க" என்றார்.

"வர்றதுக்கு முந்தி என்ன சாப்பிட்டீங்க?"

தங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்போல நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை காத்தாலயிருந்து ஒண்ணுமில்லீங்க. உபவாசம்" என்றார்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தது. "அதான் அங்கிள் காரணம். வயிறு காஞ்சா வரும். தண்ணி குடிக்காம வெயில்ல நின்னா வரும். அந்தத் துடிக்கிற ட்யூப்லைட்டும் சேர்ந்துகிட்டா கேக்கவே வேண்டாம். தூக்கம் கெட்டாலும் வரும், கவலைப்பட்டாலும் வரும். வேளைக்குச் சாப்பிடுங்க. இந்த மாத்திரைய வெளிச்சம் தெரிஞ்ச உடனே போடணும். வலி வந்தப்பறம் போட்டா வாந்தியில போயிரும். போட்டுட்டு இருட்டுல படுத்துருங்க. வர்ற நாள் எல்லாம் ஒரு நோட்ல குறிச்சு வைங்க."

தங்கராஜ் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் 'என் சோதனைகளின் குறிப்பேடு' என்று அடிக்கோடு போட்டு எழுதினார். அதற்குப் பிறகு அதில் ஒன்றும் எழுதவில்லை. அற்புதம் சுவரிலிருந்த சர்ச் காலண்டரில் கரித்துண்டால் கோடு போட்டாள். பழைய மாதங்களையும் திருப்பி, "ஈஸ்டருக்கு முந்தி ஒருக்கா படுத்துக்கிட்டீங்கல்ல? பொங்கலுக்குப் பொறகு?" என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டாள். அப்போதெல்லாம் ரம்பம் இல்லை, வெறும் தலைவலிதான். வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோடுகள் எல்லாம் சனியும் ஞாயிறுமாக விழுந்தன.

"பாத்தீங்களா? பட்டினி கெடந்தா வருது."

"பட்டினி வேற, உபவாசம் வேற."

"தலைக்கு அது தெரியுமுங்களா?"

"ஜெபத்துனால வியாதி வருதுன்னு வெளிய தெரிஞ்சா குழு என்னாவறது? நாப்பது பேரு என்ன நம்பி இருக்காங்க புள்ள."

"நாப்பது பேருமு காபி குடிச்சுப்போட்டுத்தானுங்க வர்றாங்க. நீங்க ஒருத்தருதான் காயறீங்க."

 அவர் மனசுக்குள் கணக்கு வேறாக ஓடியது. டாக்டருக்குச் சுத்தியும் டார்ச்சும் தெரியும், குடம் தெரியாது. குடத்தைப் பற்றிச் சொல்லாமல் கேட்டறிந்த காரணம் எப்படி முழுக் காரணமாகும்? வெறும் வயிறுதான் காரணம் என்றால் பத்து வருஷமாக வராத ரம்பம் மிளகாய் போன வாரத்திலா வரவேண்டும்? ஆகவே அந்த வாரம் அவர் வியாழக்கிழமையே சாப்பாட்டை நிறுத்தினார். அற்புதம் கரைத்துக் கொடுத்த கம்பங்கூழைப் பொடக்காலிச் செடிக்கு ஊற்றினார்.

சனிக்கிழமை ஜெபத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. இந்தத் தடவை ரம்பத்தோடு நிற்கவில்லை. வலது கை விரல்நுனியில் எறும்பு ஊர்ந்தது. எறும்பு மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, திடீரென்று உதட்டில் வந்து ஊர்ந்தது. ஜெபத்தை முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். 'பிதாவே' என்று சொல்ல நினைத்தார். வேறு என்னவோ வந்தது. மறுபடி முயன்றார். நாக்கு யாருடையதோபோல வாய்க்குள் புரண்டது. குழு அதைப் பரிசுத்த ஆவி பேசவைக்கும் அந்நியபாஷை என்று எடுத்துக்கொண்டு, கைதட்டி உரக்கத் துதிக்க ஆரம்பித்தது. நாற்பது பேருடைய சந்தோஷக் கூச்சலுக்கு நடுவில், முழங்காலில் நின்றுகொண்டு, தங்கராஜ் தன் பெயரையே சொல்லிப் பார்த்தார். வரவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவர் இருந்ததே இல்லை.

பேச்சு அரைமணியில் திரும்பியது. திரும்பியதும் அவர் எடுத்த முடிவு இதுதான்: அடுத்த தடவை நாக்கு போவதற்குள் காளியாத்தாளிடம் சொல்லிவிட வேண்டும். நாக்கு போன பிறகு சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். வலி இன்னும் தலையின் ஒரு மூலையில் கிடந்தது. காளியாத்தாள் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா. எந்திரிச்சு வந்துட்டீங்க. தேவலைங்களா?"

"காளியாத்தா, ஒரு நாயம் பேசோணும்."

"லேட்டு போட்டீங்களே அதுங்களா? உடுங்ணா, அதெல்லாம் மறந்தாச்சு."

"அதில்ல அம்மணி. உங் கொடம்."

முறம் நின்றது.

தங்கராஜ் நின்றபடியே சொன்னார். ஐந்தாவது இடம், பதினொன்றாவது இடம், சைக்கிள் மணி, ஆயர், சாக்கடைப் பாலம். 'ஏழைச் சகோதரிக்கு உதவி' என்பதை மட்டும் விட்டுவிட்டார். "நான் எடுக்கல. ஆனா அங்க வெச்சது நாந்தான். ஆனமலையில சொல்லி எம் மண்டையக் கொஞ்சம் உடச் சொல்லு. எண்ணெக் காப்போ என்னமோ, நீ போய்ச் சாத்திப்போட்டு வந்துரு. நாம் போனா நல்லாருக்காது."

 காளியாத்தாள் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. "சர்ச்சுல ஏறி நின்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. எங் கொடத்தத் தூக்கி நவுத்தறீங்க. த்தூ. நல்லாருக்குதுங்ணா. ரொம்ப நல்லாருக்குது." பிறகு முறத்தை அக்கட்டால் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க. நாம் போவவே இல்லீங்க."

"எங்க?"

"ஆனமலைக்கு. உக்கடத்துல பொள்ளாச்சி பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் நின்னனுங்க. ஒரு பஸ்ஸுலயும் கால வெக்க எடமில்ல. வெசையா ஏறுன பொம்பள ஒருத்தி எம் பல்லப் பேத்துப்போட்டா. போடான்னு மீன் மார்க்கெட்டுக்குள்ள போயி மத்தி வாங்கிட்டு வந்துட்டேன்."

"மொளகா?"

"கொழம்புக்கு அரைச்சுப்போட்டேன். உங்க ஊட்டுக்குந்தான் ஒரு கிண்ணம் குடுத்து உட்டனே. கொழம்பு நல்லாருக்குதுன்னு நீங்க சொன்னதா அற்புதக்கா சொன்னாங்க."

தங்கராஜ் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மிளகாய் அவருக்குள்தான் போயிருக்கிறது. ஆனால் வேறு வழியாக.

"வெளிய சொல்லிப்போடாதீங்ணா" என்றாள் காளியாத்தாள். "நாம் போய்ட்டு வந்தேன்னு சொன்னதுலயிருந்து லைன்ல ரெண்டு சாமான் தானா வந்துருச்சு. ஆறாம் நம்பர் ஊட்டு டிபன் கேரியரு. சென்னியம்மாளோட டார்ச்சு லைட்டு. நாம் போவலைன்னு தெரிஞ்சா திரும்ப எடுத்துக்குவாங்க."

"உங் கொடம்?"

"அது மட்டும் வல்லீங்க. அதுக்கு நீங்கதான் வழி பண்ணோணும். தண்ணி உடற அன்னிக்கு எனக்கும் சேத்து நீங்களே வரிசையில நின்னு பிடிச்சுக் கொண்டாந்து ஊத்துங்க. மழை வார வரைக்கும்."

"நானா? எல்லாரும் பாப்பாங்களே."

"ஏழைக்கு ஒதவி பண்றேன்னு சொல்லிக்குங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வந்தபோது நிம்மதி வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வரவில்லை. வந்தது வேறொரு பயம். மிளகாய் என்றால் அரைத்தவள் ஒருத்தி இருந்தாள், போய்க் கேட்க ஒரு இடம் இருந்தது, குற்றத்தைச் சொன்னால் இறங்கும் என்று ஒரு விதி இருந்தது. இப்போது யாரும் இல்லை. அம்மாவிடமிருந்து வந்த ஒரு தலை. அது பசித்தால் வலிக்கும், வெயிலில் வலிக்கும், தோன்றினால் வலிக்கும். யார் காலில் விழுந்தாலும் அதற்குத் தெரியாது. சாகும்வரை கூடவே வரும். தெருவில் போகும்போதே கண் ஓரத்தில் ஏதாவது மினுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்த ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி வெயிலில் மின்னியது. அவர் அப்படியே சுவரோரம் கண்ணை மூடி நின்று இருபதுவரை எண்ணினார்.

அற்புதம் வட்டிலில் சோறு போட்டாள். அவர் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"சனிக்கெழம?" என்று அவள் கேட்டாள்.

"அத நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க வேளைக்குச் சாப்பிட்டார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். கேட் ரூம் ட்யூப்லைட்டை மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக்கொடுத்து, நாலாம் தடவை தானே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினார். தண்ணீர் விட்ட அன்று காலை ஏழு குடம் சுமந்தார். நாலு அவருக்கு, மூன்று காளியாத்தாளுக்கு. வழியில் பார்த்த ஆயர் சைக்கிளை நிறுத்தி, ஜனத்துக்கு முன்னால் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கரித்துண்டுக்கு வேலை வரவில்லை.

சனிக்கிழமை ஜெபம் பத்து மணிக்குத் தொடங்கியது. முந்தின வாரத்து அந்நியபாஷையைக் கேள்விப்பட்டு, வழக்கமான நாற்பது பேருக்குப் பதில் எழுபது பேர் வந்திருந்தார்கள். "வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு பருக்கைகூடத் தொடாத நம் தலைவர்" என்று ஆயர் அறிமுகம் செய்துவைத்தார். தங்கராஜ் மறுக்கவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டார். பதினொன்றேகால் அளவில் வயிறு இழுத்துப் பிடித்தது. இடக்கண்ணுக்குப் பின்னால் லேசாக ஒரு கனம் தெரிந்தது. கனமா கற்பனையா என்று சொல்லத் தெரியவில்லை. வேர்த்துவிட்டது. பாட்டு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, வேதாகம உறையை இடுக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினார். உறைக்குள் வேதாகமம் இல்லை.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரே ஒரு கக்கூஸ்தான். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உபவாச ஜெபக்குழுத் தலைவர் ஒரு கையால் கதவை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நாலு இட்லியைத் தின்றார்.